சுவரோடு வாழும் அயலார்

வீடு கட்டுகிறவன் தனக்கும் தன் பெண்டு பிள்ளைகளுக்கும் என்றே அதைக் கட்டுகிறான். அத்திவாரம் இட்டு, நிலை நிறுத்தி, முகட்டு வளை ஏற்றி, நல்ல நாளிலே பால் காய்ச்சிக் குடி புகுகிறான். அவன் குடி புகுந்த சில நாட்களுக்குள், அவனைக் கேளாமலும் பஞ்சாங்கம் பாராமலும் வேறொரு குடும்பமும் அதே வீட்டிற் குடியேறிவிடுகின்றது. அது வாடகை கொடுப்பதில்லை. சமையலறையிற் பங்கு கேட்பதுமில்லை. பகலெல்லாம் மறைந்திருந்து, விளக்கேற்றும் வேளையிலே சுவருக்கு வந்து, விடியுமுன் மறைந்துவிடும். அது பல்லிக் குடும்பம் என்பதை வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

எலிக்குப் பொறி வைக்கிறோம், கறையானுக்கு மருந்தடிக்கிறோம், நுளம்புக்கு வலை கட்டுகிறோம். பல்லியோடு மாத்திரம் நமக்குப் பெரும் பகையும் இல்லை, நெருங்கிய உறவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாத அயலாராகவே இருந்து வருகிறோம். இந்த அயலாரைச் சிறிது அறிந்துகொள்வோம். அதன் மூலம் நமது வீட்டையும் சிறிது அறிந்துகொள்ளலாம்.

நாற்சார் வீடும் பல்லியும்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடு ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சூழ்ந்து நான்கு புறமும் தாழ்வாரம். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். பனைமரத்தின் மேல் வரிசையாக அடுக்கிய ஓடுகள். வெயிலையும் காற்றையும் நன்கறிந்தவர்கள் அமைத்த வீடு அது. அவர்கள் அறியாமலே அது பல்லிக்கும் ஏற்ற வீடாக அமைந்துவிட்டது. ஓட்டுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள சிறு வெளி, பகல் முழுவதும் ஒதுங்கியிருக்கும் அறை. சுவரில் விழுந்த வெடிப்பு, முட்டையிடும் இடம். சுவாமி படத்தின் பின்புறம், அலுமாரியின் முதுகு, ஓடாத சுவர்க்கடிகாரத்தின் மறைவு ஆகியவையெல்லாம் அதற்கு வசதியான இருப்பிடங்கள். மாதம் பிறந்து கலண்டர்த் தாளைத் திருப்பும்போது பின்னாலிருந்து பாய்ந்தோடும் பல்லியைக் கண்டு ஒரு கணம் திடுக்கிடாதவர் நம்மில் எவருமில்லை.

ஓட்டு வீட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. கிடுகு வேய்ந்த மண்வீட்டிலும் பல்லி உண்டு. மட்டக்களப்பின் வயலோரத்து வீட்டிலும் உண்டு. கொழும்பின் மாடிவீட்டிலும் உண்டு. மலைநாட்டில் உயரம் ஏறிக் குளிர் மிகுந்துவர, வீட்டுப் பல்லி அருகிவரும். வெப்பமே அதன் உயிர். தன் உடலிலே சூட்டை உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை.

இலங்கையிலே ஐம்பதுக்கு மேற்பட்ட பல்லி இனங்கள் இருப்பதாக இன்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுட் பெரும்பாலானவை காடுகளிலும் பாறைகளிலும் வாழ்வன. பல இந்நாட்டையன்றி வேறெங்கும் காணப்படாதவை. சில ஒரேயொரு குன்றைத் தவிர வேறிடம் அறியாதவை. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல இந்நாட்டு ஊர்வனவற்றை ஆராய்ந்து, 1953 இல் வண்ணப் படங்களுடன் நூலாகவும் வெளியிட்டார். இத்தனை இனங்களுள் மனிதன் வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டவை ஒரு சிலவே. சுவரிலே நாம் அடிக்கடி காணும் வெளிறிய பல்லி ஒன்று. முதுகிலே கரும்புள்ளிகள் நிரைநிரையாக அமைந்த புள்ளிப் பல்லி ஒன்று. உள்விரலில் நகம் இல்லாத, பிடித்தால் தோல் எளிதில் உரிந்துவிடும் மெல்லிய பல்லி வேறொன்று. எல்லாவற்றையும் ‘பல்லி’ என்ற ஒரே பெயரால் அழைத்து விட்டுவிடுகிறோம்.

காலும் கண்ணும் வாலும்

கண்ணாடியிலே தலைகீழாக நடக்கும் வித்தையைப் பல்லி எங்கே கற்றது? அதன் காலிலே பசை உண்டென்று சிலர் சொல்வார்கள். உறிஞ்சிப் பிடிக்கிறது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. பல்லியின் விரலடியிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. தென்கிழக்காசியாவில் வாழும் ‘டோக்கே’ என்னும் பெரும்பல்லியின் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் நுனியிலே நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகின்றது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெல்லர் ஓட்டமும் அவரது குழுவினரும் 2000 ஆம் ஆண்டில் ஒற்றை மயிரின் பிடிப்பு விசையை அளந்து காட்டினார்கள். அணுக்கூட்டங்கள் மிக நெருங்கி வரும்போது அவற்றுக்கிடையே தோன்றும் ‘வான் டெர் வால்ஸ்’ கவர்ச்சியே அப்பிடிப்புக்குக் காரணம் என்பதை 2002 இல் நிறுவினார்கள். விரல் நுனியைப் பின்புறமாகச் சுருட்டியதும் பிடி விட்டுவிடும். ஒரு கணத்துக்குள் பல முறை இவ்வாறு ஒட்டியும் விட்டும் அது ஓடுகின்றது.

அதன் கண்ணுக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது பளிங்கு போன்ற ஒரு மெல்லிய செதில். அதிலே தூசு படிந்தால் நீண்ட நாக்கை வெளியே நீட்டித் துடைத்துக்கொள்ளும். பல்லி தன் கண்ணைத் தானே நக்கும் அந்தக் காட்சியைக் கண்ட சிறுவர் சிரிப்பை அடக்கமாட்டார். ஆனால் அந்தக் கண் எளிதானதன்று. மங்கிய நிலவொளியிலே நமக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தோன்றும். ஆபிரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் பல்லியினம் ஒன்று அத்தகைய ஒளியிலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2004 இல் காட்டினார்கள்.

வாலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பூனையின் பாதம் வாலிலே பட்டதும் பல்லி வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உயிரோடு தப்பிவிடும். துள்ளும் வாலைப் பூனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். வால் மீண்டும் வளரும்; ஆயினும் பழைய முள்ளெலும்புக்குப் பதிலாக ஒரு குருத்தெலும்புக் கோலே அதனுள் இருக்கும். வாலிலே கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் பல்லிக்கு அதை இழப்பது சேமிப்பை இழப்பது போலாகும். வேடிக்கைக்காகப் பல்லியை அடித்து வால் அறுக்கும் சிறுவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுதல் நன்று.

சுவரில் இருக்கும் பெண்பல்லியின் வயிற்றை விளக்கொளியிலே உற்று நோக்கினால், மெல்லிய தோலினூடே இரண்டு வெள்ளை முட்டைகள் தெரிவதுண்டு. அதற்கு ஒரு முறைக்கு இரண்டே முட்டை. இட்டவுடன் மென்மையாயிருக்கும் ஓடு விரைவில் இறுகிவிடும். ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். அதற்குத் தாய் ஊட்டுவதுமில்லை, தந்தை காப்பதுமில்லை. பிறந்த அன்றே தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும்.

பல்லி சொன்ன சொல்

பல்லியைப் பற்றி நம்மவர்கள் அறிந்ததெல்லாம் அதன் வாயைப் பற்றியே. வீட்டிலே சம்பந்தப் பேச்சு நடக்கும்போது முகட்டில் ஒரு பல்லி ‘இச் இச்’ என்றால், ஆச்சி விரலை மடக்கி நிலத்திலே மூன்று முறை தட்டி, “கேட்டியளே, பல்லியும் சொல்லுது” என்பார். அந்தச் சாட்சிக்கு மறுசாட்சி கிடையாது. பயணம் புறப்படும் வேளையிலே தகாத திசையிலிருந்து ஒலித்துவிட்டால், தூக்கிய பெட்டியைக் கீழே வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சிறிது நேரம் இருந்து புறப்படுவோர் இன்றும் உண்டு. எந்த அங்கத்திலே பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கமும் பட்டியல் தருகிறது. சிங்கள மக்களிடையேயும் ‘ஹூனா’ சொல்வதற்குப் பலன் பார்க்கும் வழக்கம் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலிலே பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குவோர் திரளுக்குக் குறைவில்லை.

இவ்வழக்கம் மிகப் பழையது. சங்கச் செய்யுள்களிலே, பொருள் தேடிப் பிரிந்த தலைவனை எண்ணி வாடும் தலைவிக்குப் பல்லியின் ஒலி நற்சொல்லாக ஆறுதல் தருகிறது. வருவார் என்று எவரும் உறுதி கூற இயலாத வேளையில், சுவரிலிருந்து வரும் ஒரு சிற்றொலியாவது துணை நிற்கட்டும் என்று மனம் ஏங்குவது இயல்பேயன்றோ?

அதே தமிழ் மக்கள்தாம், “ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்” என்று பழமொழியும் சொல்லி வைத்தார்கள். நம்பிக்கையும் நகைப்பும் நம் வீடுகளிலே ஒரே பாயில் உட்கார்ந்திருந்தன. பல்லியோ தன் காரியத்தைத்தான் பேசுகிறது. “இது என் சுவர், அப்பாற் போ” என்று ஓர் ஆண்பல்லி மற்றோர் ஆண்பல்லிக்குச் சொல்வதும், பெண்பல்லியை அழைப்பதுமே அச்சொல்லின் பொருள். நம் தலையிலே அது விழுவதும் பெரும்பாலும் எல்லைச் சண்டையிலோ இரையைத் துரத்தும் அவசரத்திலோ பிடி தவறுவதாலேதான்.

நஞ்சு உண்டா?

பலனைப் பற்றிய நம்பிக்கையால் பெருந்தீங்கு இல்லை. நஞ்சைப் பற்றிய நம்பிக்கைதான் தெளிவுபடுத்தப்பட வேண்டியது. ‘பல்லி விழுந்த சோறு உயிரைக் குடிக்கும்’ என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வீட்டுப் பல்லிக்கு நச்சுப்பல்லும் இல்லை, நஞ்சுச் சுரப்பியும் இல்லை. அது கடித்தாலும் மனிதனின் தோலில் ஒரு கீறல் விழுவதே அரிது.

அவ்வாறாயின் உணவிலே விழுந்த பல்லியை எடுத்தெறிந்துவிட்டு உண்ணலாமா? கூடாது. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் ‘சல்மொனெல்லா’ என்னும் நோய்க்கிருமி இருத்தல் கூடும் என்பது பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளால் தெரியவந்திருக்கிறது. அக்கிருமி வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் உண்டாக்கும். குழந்தைகளையும் முதியோரையும் கடுமையாக வாட்டும். ஆகவே நம் முன்னோர் அவ்வுணவை விலக்கியது சரி. அதற்குச் சொன்ன காரணமே பிழை. தண்ணீர்க் குடத்துக்கும் சோற்றுப் பானைக்கும் மூடி, சமையல் மேடைக்கு நாள்தோறும் ஒரு கழுவல், பல்லி எச்சத்தைத் துடைத்த கைக்குச் சவர்க்காரம் என்னும் மூன்றையும் கடைப்பிடித்தால் பயம் வேண்டியதில்லை. எச்சத்தை அடையாளம் காண்பதும் எளிது: கரிய சிறு கட்டியின் ஒரு முனையில் வெண்புள்ளி இருந்தால் அது பல்லியுடையது, எலிப்புழுக்கையில் அந்த வெள்ளை இராது.

பல்லியின் உதவியையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. மாரி தொடங்கியதும் விளக்கை மொய்க்கும் ஈசல், விட்டில், சிறு கரப்பான், சிலந்தி ஆகியவற்றை அது இரவெல்லாம் உண்கிறது. எட்டிய நுளம்பையும் விடுவதில்லை. ஆனால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. பல்லி இரவில் வேட்டையாடுவது. ஆதலால் வீட்டிலே பல்லி உண்டென்று எண்ணி முற்றத்துச் சிரட்டையிலே தண்ணீரைத் தேங்கவிடுதல் தகாது.

விளக்கில்லாத ஆண்டுகள்

பல்லியின் வாழ்வு விளக்கோடு பிணைந்தது. மின்குமிழைச் சுற்றிப் பூச்சிகள் கூடுகின்றன. பூச்சிகளைச் சுற்றிப் பல்லிகள் கூடுகின்றன. குமிழுக்கு மிக அருகிலே பருத்த பல்லியொன்று ஆட்சி செய்யும். இளையவை ஒளியின் ஓரத்திலே காத்திருக்கும். பசிபிக் தீவுகளிலே நடந்து 1993 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று. விளக்கொளியில் பூச்சிகள் திரளும் சுவர்களிலே, வந்தேறிய வீட்டுப் பல்லி அங்கிருந்த சிறிய பல்லியினத்தை விஞ்சி இரையைக் கவர்ந்துகொள்கிறது. மனிதன் ஏற்றிய விளக்கு பல்லிகளின் அரசியலையும் மாற்றிவிடுகின்றது.

அந்த விளக்கு நம்மிடமிருந்து பறிபோன காலமும் ஒன்று உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, சிறிது எண்ணெய் வார்த்து, திரி கொளுத்திய விளக்கைச் சுற்றி அமர்ந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த ஒளி முகட்டை எட்டாது. முகட்டிலே வாழ்ந்த பல்லிகள் அக்காலத்திலே சுவரின் தாழ்ந்த பகுதிக்கு இறங்கி, படிக்கும் மேசைக்கு அருகே வந்திருந்ததை நாம் கண்டோம். ஒரே சிறு சுடரில் நமக்கும் பங்கு, பூச்சிக்கும் பங்கு, பல்லிக்கும் பங்கு.

பின்னர் 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வந்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு, மழையிலே, தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். எதைக் கொண்டுசெல்வது, எதை விட்டுச்செல்வது என்று எண்ணவும் அவகாசமில்லை. அடுத்த ஆண்டு நடுப்பகுதியிலே பலர் திரும்பி வந்தார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களிற் பலருக்கோ தங்கள் வளவை மறுபடி மிதிக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. திரும்பிய இடங்களிலே சில வீடுகளுக்குக் கூரை இல்லை. சிலவற்றுக்கு நிலையும் யன்னலும் இல்லை. அறைக்குள்ளே ஆலும் அரசும் முளைத்திருந்தன. எஞ்சிய சுவரின் வெடிப்பிலே மாத்திரம் உடைந்த வெள்ளை முட்டையோடுகள் இருந்தன. காலடி ஓசை கேட்டு ஒரு பல்லி உள்ளே நழுவிற்று.

அது நமக்காகக் காவல் இருந்தது என்று சொன்னால் மிகையாகும். சுவர் இருந்தது, ஆகவே அது இருந்தது. ஆயினும், படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மக்களுக்கு, பழைய வீட்டிலே உயிரோடு எதிர்ப்பட்ட முதற் பழக்கமான முகம் அதுவாயிருந்தது. அதைக் கண்டு கண் கலங்கியவர்களும் உண்டு.

கடல் கடந்தோர்

நம்மைப் போலவே பல்லியும் கடல் கடந்திருக்கிறது. இறுகிய ஓடுடைய முட்டை மரப்பெட்டியின் இடுக்கிலே ஒட்டிக்கொண்டால், கப்பல் போகும் துறைக்கெல்லாம் அதுவும் போகும். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்ந்த இந்த வீட்டுப் பல்லி, இன்று பசிபிக் தீவுகளிலும், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலும், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலும் சுவரேறிவிட்டது. குளிர் தொடங்கும் இடத்திலே அது நின்றுவிட்டது. நம்மவர்கள் அதற்கும் அப்பால், ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் போனார்கள். அங்குள்ள சுவர்கள் வெறுமையானவை.

அந்நாடுகளிற் பிறந்த பேரப்பிள்ளைகள் ஆவணி மாதத்து நல்லூர்த் திருவிழாவுக்கென்று வருகிறார்கள். இரவு விளக்கைப் போட்டதும் சுவரைப் பார்த்து அலறுகிறார்கள். அந்த அறையிலே படுக்கமாட்டோம் என்று அடம் பிடிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. கண்டறியாததைக் கண்டால் பயம் வருவது இயற்கை. பெரியவர்கள் உடனே மருந்துப் புட்டியைத் தேடுவதுதான் வருந்தத்தக்கது. அந்த மருந்து பல்லியைக் கொல்லுமோ இல்லையோ, பூட்டிய அறையிலே உறங்கும் பிள்ளையின் மூச்சிலே கலக்கும். பசை தடவிய அட்டையை வைத்து, அதிலே ஒட்டிய பல்லி இரண்டு நாள் துடித்துச் சாவதைப் பிள்ளையே பார்க்கும்படி விடுவது அதனினும் கொடுமை.

பல்லி குறைய வேண்டுமானால் அதற்கு வழி எளிது. வேண்டாத விளக்கை அணைத்து விடுங்கள். பூச்சி குறையும், பல்லியும் குறையும். சுவர் வெடிப்பை அடையுங்கள். படங்களின் பின்புறத்தை மாதத்துக்கு ஒரு முறை தும்புத்தடியால் தட்டுங்கள். மின் ஆளிப் பெட்டியின் துளைகளை மூடுங்கள். அங்கே புகுந்த பல்லி தானும் மாண்டு, மின்கருவியையும் பழுதாக்கிவிடும். எஞ்சிய ஒன்றிரண்டை இருக்கவிடுங்கள்.

அதன் பின்னர் பிள்ளையை அருகே அழைத்து, சுவரைக் காட்டுங்கள். இமையில்லாத கண்ணைக் காட்டுங்கள். தலைகீழாக நடக்கும் காலைக் காட்டுங்கள். வாலிலே பழையது எது, புதிதாய் வளர்ந்தது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பூட்டன் இந்த வீட்டைக் கட்டிய காலத்திலும், விளக்கில்லாத காலத்திலும், ஆளில்லாத காலத்திலும் இதன் முன்னோர் இச்சுவரில் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். முதல் நாள் அலறிய பிள்ளை நான்காம் நாள் மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு, “இண்டைக்கு இன்னும் வரேல்லையே?” என்று கேட்குமானால், அந்த வீடு அதற்கும் உரிய வீடாகிவிட்டது என்று நாம் நம்பலாம்.